மகள் அக்சஸிபிலிட்டி படிக்கப்போறன் எண்டு நிக்கிறா, விடலாமோ?

அண்ணை, நீங்கள் எழுதினதை வடிவா வாசிச்சன். மகள் கொமர்ஸ் செய்தவ, இசட் ஸ்கோர் காணாமக் கம்பஸ் கிடைக்கேல்ல, இப்ப அக்சஸிபிலிட்டி, அதாவது மாற்றுத்திறனாளியளும் பாவிக்கக்கூடிய மாதிரி வெப்சைட் டிசைன் பண்ணப் படிக்கப்போறன் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறா, உங்களுக்கு அது ஏதோ தொண்டு வேலை மாதிரித் தெரியுது, உதால சோறு கிடைக்குமோ எண்டு கேக்கிறியள். கிடைக்கும். ஆனா அதை மட்டும் தனியப் படிச்சாக் கிடைக்காது.

முதல்ல தொண்டு எண்ட நினைப்பை விடுங்கோ. ஐரோப்பாவில 2025 யூன் 28இல இருந்து ஒன்லைன் கடை, வங்கி, மின்னூல், ரிக்கெற் விக்கிற சைட் எல்லாம் எல்லாராலயும் பாவிக்கக்கூடியதா இருக்கவேணும் எண்டு சட்டம் நடைமுறைக்கு வந்திட்டு, ஒன்ராறியோவில 2005இலயே தனிச்சட்டம் போட்டிட்டினம். அதுக்காக பரிஸில இருக்கிற சித்தப்பான்ர கடை உடன வேலை தரும் எண்டு கணக்குப் போடாதேங்கோ, பத்துப் பேருக்குக் குறைவா வச்சு நடத்திற சின்னச் சேவை நிறுவனங்களுக்கு அந்த ஐரோப்பியச் சட்டத்தில விலக்கு இருக்கு. வேலை வாறது வெளிநாட்டுப் பெரிய இடங்களுக்குச் செய்து குடுக்கிற சொப்ட்வெயார் கொம்பனியளாலதான். இஞ்ச இலங்கையிலயும் மாற்றுத்திறனாளியளின்ர உரிமையைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, ஆனா அதைக் காட்டி ஒரு வெப்சைட்டை ஆரும் கேள்வி கேட்டதை நான் காணேல்ல.

வேலை என்னெண்டு நீங்களே பாக்கலாம். மகளிட்ட சொல்லி மௌஸைக் கழட்டிப்போட்டு ஏதாவது ஒரு விண்ணப்பப் படிவத்தை ராப் கீயால மட்டும் நிரப்பச் சொல்லுங்கோ, பாதியில எங்க நிக்கிறம் எண்டே தெரியாமப் போகும். பிறகு என்விடிஏ எண்ட ஸ்கிரீன் ரீடரை, அதாவது பார்வை இல்லாத ஆக்களுக்குத் திரையில இருக்கிறதைச் சத்தமா வாசிக்கிற சொப்ட்வெயாரைப் போடுங்கோ, 2006இல அவுஸ்திரேலியாவில கண்பார்வை இல்லாத ரெண்டு பேர் தொடங்கினது, காசு கட்டத் தேவையில்லை. லேபல் ஒழுங்கா இணைக்காத கட்டத்துக்குப் போனா அது "எடிட், பிளாங்க்" எண்டு மட்டும் சொல்லும். பெயரோ, அடையாள அட்டை இலக்கமோ, என்னத்தை எழுதிறது?

எங்கட பக்கத்தில இதைவிடப் பெரிய கூத்து பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துரு. இன்னும் பாமினியில ரைப் பண்ணி பிடிஎஃப் ஆக்கிப் போடினம், கண்ணுக்கு வடிவான தமிழ், ஆனா உள்ளுக்க கிடக்கிறது இங்கிலிஷ் எழுத்து. "அம்மா" எண்டு நாங்கள் பாக்கிற இடத்தில ஸ்கிரீன் ரீடருக்குக் கிடைக்கிறது எம், கே, செமிகோலன், கே, எச். தமிழைத் தமிழ் எழுத்தாவே சேமிக்கிற யூனிகோட்டில எழுதி, இந்தப் பக்கம் தமிழ் எண்டு வெப்பக்கத்தை எழுதிற எச்டிஎம்எல்லில குறிச்சு விட்டா, கொம்பியூட்டர்ல தமிழ்க் குரல் இருந்தா அது தமிழிலயே வாசிக்கும். பாடசாலை அறிவித்தலைப் போட்டோ எடுத்துப் போடுறதும் உந்தக் கதைதான், பார்வை இல்லாத தகப்பனுக்கு அது வெறும் படம். தமிழ்ல இதெல்லாம் தெரிஞ்ச ஆக்கள் குறைவு, உங்கட மகளுக்கு அது நல்ல இடம்.

படிப்புக்கு வருவம். முதல் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ஒரு வருசமாவது கைபழகவேணும். யாழ்ப்பாணம் ஏரிஐயில, அதான் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில, எச்என்டிஐரி எண்ட ஐரி டிப்ளோமாவுக்குக் கூப்பிடேக்க தகுதியைப் பாத்துப் போடுங்கோ. அதோட வெப்புக்குத் தரம் வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு நடத்திற அக்சஸிபிலிட்டி அறிமுக கோர்ஸ் எடெக்ஸ் எண்ட ஒன்லைன் படிப்புத் தளத்தில இருக்கு, சும்மா படிக்கலாம், சான்றிதழுக்குத்தான் காசு. 2023இல வந்த டபிள்யூகாக் 2.2 எண்ட அக்சஸிபிலிட்டி விதிமுறையைப் பாடமாக்க வேண்டாம், அதில நடுத்தரமான ஏஏ தரத்துக்கு என்ன கேக்கினம் எண்டு விளங்கினாக் காணும். உதாரணத்துக்கு சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 எண்ட வெளிச்ச வித்தியாசம் வேணும், வெள்ளையில மெல்லிய சாம்பல் எழுத்து வடிவெண்டு போடுற ஆக்கள் இதில மாட்டுப்படுவினம். ஐஏஏபி எண்ட சர்வதேச அக்சஸிபிலிட்டிச் சங்கத்தின்ர சான்றிதழ்ச் சோதனை இப்ப தேவையில்லை, டொலர்ல கட்டவேணும், வேலையில சேந்தாப் பிறகு கொம்பனி கட்டினா எழுதட்டும்.

ஏஐ வந்து எல்லாத்தையும் செய்யுமே எண்டும் கேட்டியள். ஒரு வரி கோட் போட்டா ஏஐ சைட்டைத் தானாச் சரியாக்கும் எண்டு விளம்பரம் பண்ணின ஒரு கொம்பனியை 2025இல அமெரிக்காவின்ர நுகர்வோர் பாதுகாப்பைப் பாக்கிற எஃப்டிசி 10 லட்சம் டொலர் கட்ட வச்சது. படத்துக்கு விவரம் எழுதியிருக்கோ எண்டு தானாச் சோதிக்கிற சொப்ட்வெயார் பாக்கும்தான், நல்லூர்த் தேருக்குக் கீரிமலை எண்டு எழுதிவிட்டாலும் அநேகமாப் பேசாம விட்டிடும். ஆள் பாக்கத்தான் வேணும்.

வேலைக்குப் போகேக்க காட்ட ஒரு சாமான் வேணும். தெரிஞ்ச ஒரு கடையின்ரயோ சனசமூக நிலையத்தின்ரயோ சைட்டை எடுத்து, எங்க பிழை, எப்பிடித் திருத்தினது, திருத்த முதல் எப்பிடி, பிறகு எப்பிடி எண்டு எழுதி வைக்கட்டும். திருத்தினதை உண்மையா பாவிக்கிற ஆக்களிட்டக் குடுத்துப் பாக்கவேணும், பார்வை இல்லாதவைக்கான சுன்னாகம் வாழ்வகம், பார்வை, கேட்டல் இல்லாத பிள்ளையளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலை எண்டு கிட்டடியில இடங்கள் இருக்கு, அனுமதி கேட்டுப் போகட்டும், வளந்த ஆக்கள் ஆராவது சோதிச்சுத் தந்தா அவையின்ர நேரத்துக்குக் காசு குடுங்கோ, சும்மா வேலை வாங்காதேங்கோ.

லப்டொப்புக்கு மக்புக் எண்டு மினக்கெட வேண்டாம், என்விடிஏ விண்டோஸிலதான் ஓடும், சாதாரண ஐ3 மெசின் காணும். மிச்சக் காசை இங்கிலிஷ் வகுப்புக்குப் போடுங்கோ, கிளையன்ரோட கதைக்கிறது எல்லாம் அதிலதான்.