தொழிலதிபர்களின் முரட்டுப் பிடிவாதம்: கேள்வி பதில்

பெரிய தொழிலதிபர்கள் எல்லோருமே ஈவு இரக்கம் இல்லாதவர்கள்தானா? அப்படி இருந்தால்தான் ஜெயிக்க முடியுமா?

ஜெயித்தவர்களின் கதைதான் நம் கைக்கு வருகிறது. அதே முரட்டுத்தனத்தோடு மூழ்கிப்போனவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தக் கடுமை யார் தலையில் விழுகிறது? சொந்தச் சரக்கின் மேலா, போட்டியாளர் மேலா, வேலை செய்பவர் மேலா, வாங்குபவர் மேலா? பிடிவாதம் எல்லோரிடமும் இருக்கிறது. ஆளுக்கு ஆள் வேறுபடுவது இதில்தான்.

ராக்ஃபெல்லர் செய்தது சாமர்த்தியமா, அராஜகமா?

இரண்டும். இந்த அமெரிக்க எண்ணெய் முதலாளி 1872இல் சில வாரங்களுக்குள் கிளீவ்லாந்து நகரில் இருந்த 26 போட்டி பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளில் 22ஐ வாங்கிவிட்டார். தன் கணக்குப் புத்தகத்தையே திறந்து காட்டுவார். இந்த ஆளோடு மோதித் தாங்க முடியாது என்று எதிராளிக்கே புரிந்துவிடும். விலையைப் பணமாகவோ பங்காகவோ வாங்கிக்கொள்ளலாம். பங்கு வாங்கியவர்கள் பிற்பாடு நன்றாகவே இருந்தார்கள். இதுவரை சாமர்த்தியம்.

அராஜகம் ரயில் கட்டணத்தில் இருந்தது. ரயில் கம்பெனிகளோடு ரகசியத் திட்டம் ஒன்று போட்டார்கள். அவர் எண்ணெய்க்குத் தள்ளுபடி. அது போதாதென்று, போட்டியாளர் அனுப்பும் எண்ணெய்க்கான கட்டணத்திலும் அவருக்கு ஒரு பங்கு! விஷயம் வெளியே கசிந்து, எதிர்ப்பு கிளம்பி, திட்டம் நின்றுபோனது. ஆனால் அதற்குள் பயத்திலேயே பலர் விற்றுவிட்டார்கள். 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருடைய ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியை 34 கம்பெனிகளாக உடைத்தது. வேடிக்கை என்னவென்றால், உடைந்த துண்டுகளின் பங்கு விலை ஏறி அவர் இன்னும் பெரிய பணக்காரர் ஆனார்.

அமேசான் இப்படி ஏதாவது செய்திருக்கிறதா?

குழந்தைகளுக்கான டயப்பர் விற்ற குவிட்ஸி கம்பெனியைப் பாருங்கள். அமேசான் டயப்பர் விலையை நஷ்டத்துக்கே இறக்கி நெருக்கியது. 2010இல் குவிட்ஸி சுமார் 54.5 கோடி டாலருக்கு அமேசானிடமே விலைபோனது; 2017இல் அதை இழுத்து மூடிவிட்டார்கள். ராக்ஃபெல்லர் பாணிதான், சரக்குதான் வேறு.

ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மாதிரி கத்தினால் நல்ல பொருள் வருமா?

வராது. 1985இல் ஆப்பிளை விட்டு வெளியேறியபோதும் அவர் கத்துகிற ஆள்தான். 1997இல் திரும்பி வந்து செய்தது வேறு: கம்பெனியின் பெரும்பாலான பொருள்களை நிறுத்திவிட்டு, நாலே கணினி வகைகளில் கவனத்தைக் குவித்தார்.

நீங்கள் மதிக்கும் பிடிவாதக்காரர் யார்?

கணினிச் சிப் செய்யும் இன்டெல் கம்பெனியின் ஆண்டி குரோவ். 1985இல் இன்டெலின் அடையாளமே மெமரி சிப்தான். ஜப்பான் கம்பெனிகள் அதில் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தன. குரோவ், இன்டெலின் தலைவர் கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மைத் துரத்திவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டு வெளியேறுவார் என்றார் மூர். அப்படியானால் அதை நாமே ஏன் செய்யக் கூடாது என்றார் குரோவ். செய்தார்கள், கணினியின் மூளையான மைக்ரோபிராசசருக்கு மாறினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் அந்தக் கத்தி முதலில் இறங்கியது தாங்களே பெற்று வளர்த்த தொழிலின் மேல்.

வேலையாட்களிடம் கடுமை காட்டாத பிடிவாதக்காரர் உண்டா?

அமெரிக்கக் கடைத் தொடரான காஸ்ட்கோவை நடத்திய ஜிம் சினெகல். வெளிக் கம்பெனிப் பொருள்கள் மேல் 14 சதவீதத்துக்கு மேல் லாபம் வைக்கக் கூடாது என்பதில் ஒரு இஞ்ச் நகரமாட்டார். சில்லறைத் தொழிலில் மற்றவர்கள் தருவதைவிட அதிகச் சம்பளமும் கொடுத்தார். சம்பளத்தைக் குறைக்கச் சொல்லிப் பங்குச் சந்தைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எலிசபெத் ஹோம்ஸ் விடாமுயற்சிக்காரர்தானே?

ஆமாம், தெரனோஸ் என்ற தன் கம்பெனியில் வேலை செய்யாத ரத்தப் பரிசோதனையை வைத்துக்கொண்டு. 2022இல் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாகத் தீர்ப்பானது. 11 ஆண்டுக்கு மேல் சிறை.

இவர்களில் யாரிடம் வேலைக்குச் சேருவீர்கள்?

குரோவிடம். முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசலாம், இன்டெலில் அதை எதிர்பார்க்கவே செய்தார்கள். காலையில் தாமதமாக வந்தால் மட்டும் தனிப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.