பெர்ரி வினிகரும் லேபிள் எண்களும்: கேள்வி-பதில்

கேள்வி: ‘ராஸ்பெர்ரி வினிகர்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட புட்டியை வாங்கினேன். பின்பக்கச் சேர்மானப் பட்டியலில் வெள்ளை வினிகர், சர்க்கரை, சுவையூட்டி, நிறமி மட்டுமே உள்ளன. கடைக்காரர் திரும்பப் பெற மறுக்கிறார்.

பதில்: பழத்தின் பெயரை முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டு, உண்மையைப் பொடி எழுத்தில் பின்பக்கத்துக்குத் தள்ளியவர்கள்தாம் குற்றவாளிகள், நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். பழச்சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக்கி, அந்த ஆல்கஹாலை அசெட்டிக் பாக்டீரியா அமிலமாக்கிய பின் கிடைப்பதே பெர்ரி வினிகர். ஆயத்த வினிகரில் பழத்தை ஊறவைத்து விற்பதும் நேர்மையே, அப்படிச் சொல்லி விற்றால். உங்கள் புட்டியில் பழமே இல்லை. ரசீதையும் இருபக்கப் படங்களையும் இணைத்துத் தயாரிப்பாளருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை நாடுங்கள்.

கேள்வி: ஒரு புட்டியில் ‘ஓராக்’ மதிப்பு ஐந்திலக்கத்தில் இருக்கிறது, மற்றொன்றில் ‘டிபிபிஹெச் 90 சதவீதம்’ என்று இருக்கிறது. எதில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம்?

பதில்: இரண்டும் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை, அதாவது செல்களைச் சிதைக்கக்கூடிய மூலக்கூறுகளைத் தணிக்கும் திறனை, அளக்கும் வெவ்வேறு ஆய்வகச் சோதனைகள்; அவற்றின் எண்களை ஒப்பிடவே முடியாது. ஓராக் மதிப்புகளின் பட்டியலை வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறையே, வணிகர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துவதைக் கண்டு 2012இல் அதை விலக்கிக்கொண்டது. லேபிள்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. டிபிபிஹெச் என்பது ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்ந்தால் வெளுக்கும் ஊதா நிறக் கரைசல். வினிகரைச் சேர்த்ததும் அதன் நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறார்கள். வினிகரைக் கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக வெளுக்கும். ஆகவே எத்தனை மில்லிலிட்டர், எத்தனை நிமிடம் என்று சொல்லாத ‘90 சதவீதம்’ வெற்று எண். அதை ட்ரோலாக்ஸ் என்ற அளவுகோல் ஆன்டிஆக்ஸிடன்டோடு ஒப்பிட்டு, ‘ட்ரோலாக்ஸ் சமானம்’ என்ற அலகில் தந்திருந்தால் ஓரளவு மதிக்கலாம். ‘மொத்த பீனால்’ (பழங்களிலுள்ள ஒருவகை ஆன்டிஆக்ஸிடன்ட்) என்று லேபிளில் வரும் எண்ணைத் தரும் ஃபோலின் சோதனையோ வைட்டமின் சியையும் சில சர்க்கரைகளையும் சேர்த்தே எண்ணிவிடும். இவையெல்லாம் சோதனைக் குழாய்க்குள் நடப்பவை; குடலிலும் கல்லீரலிலும் உருமாறி இரத்தத்தை எட்டுவது வேறு கதை. போதாக்குறைக்கு, பெர்ரியின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சிதைந்துவிடும். பெரிய எண்ணை நம்பி நானும் ஒருமுறை இருமடங்கு விலை கொடுத்தேன். ஜன்னலோரம் வைத்த அந்தப் புட்டி சில மாதங்களில் பழுப்பாகிவிட்டது, லேபிளில் எண் மட்டும் குறையவில்லை.

கேள்வி: வீட்டில் செய்த பிளாக்பெர்ரி வினிகருக்கு பிஹெச் தாளில் 3 வந்தது. காய்களைப் பதப்படுத்திப் பல மாதம் வைக்கலாமா?

பதில்: கூடாது. பிஹெச் அமிலத்தன்மையின் கடுமையைத்தான் சொல்லும், அமிலத்தின் மொத்த அளவைச் சொல்லாது. பதப்படுத்த 5 சதவீத அசெட்டிக் அமிலம் தேவை. அந்த அளவைக் காண, அமிலத்தை நடுநிலையாக்கும் சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள்; அமிலம் தீர்ந்ததும் தோன்ற வேண்டிய பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியின் இளஞ்சிவப்பைப் பெர்ரியின் நிறம் மறைத்துவிடுவதால், வினிகரை நன்கு நீர்க்கச் செய்தோ, அமிலம் தீரும் கட்டத்தைப் பிஹெச் மீட்டரில் பார்த்தோ அளக்க வேண்டும். நான் வாங்கிய பிஹெச் தாள் பெட்டி இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பெர்ரிச் சாயம் ஏறிய தாளில் எந்த நிறத்தைப் படிப்பது?

கேள்வி: புட்டிக்குள் வழவழப்பான படலம் மிதக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். அது பாக்டீரியா உருவாக்கும் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள், வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: காற்றுப் புகாத மூடியுள்ள நொதிப்புப் பாத்திரம் வாங்கினேன். குறிப்பேட்டைப் படிக்கவில்லை. இரண்டு மாதமாகியும் ஒயின் வாசனைதான் வருகிறது. பாத்திரம் பழுதா?

பதில்: பழுது பாத்திரத்தில் இல்லை. அசெட்டிக் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். மூடியை எடுத்துவிட்டுத் துணி கட்டுங்கள், குறிப்பேட்டையும் படியுங்கள்.