கேமரா கேள்வி–பதில்: கம்பி வழி டைமர் ரிமோட்

கேமராவின் ஷட்டரைக் கம்பி வழியாக இயக்கும் டைமர் ரிமோட்டைப் பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பகுதி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இம்முறை விடையளிக்கிறோம்.

கேள்வி: தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில், நிலவில்லாத ஓர் இரவில், விண்மீன்கள் நகரும் தடத்தைப் படமெடுக்க முயன்றேன். கேமராவில் ஷட்டர் வேகத்தை 30 நொடி என்றும், ரிமோட்டில் இடைவெளியை 31 நொடி என்றும், படங்களின் எண்ணிக்கையை 116 என்றும் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கார்டில் 58 படங்களே இருந்தன. அவற்றைக் கணினியில் ஒன்றுசேர்த்தபோது ஒவ்வொரு தடமும் விட்டுவிட்டுத் தெரிகிறது. பழுது ரிமோட்டிலா, கேமராவிலா?
— ஒரு வாசகர், கடலூர்

பதில்: இரண்டிலும் பழுதில்லை. பெரும்பாலான கேமராக்களில் 30 நொடி என்று குறிக்கப்பட்டிருக்கும் ஷட்டர் வேகம் உண்மையில் 32 நொடி. ஷட்டர் நேரம் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகவே ஏறுகிறது. 15, 30 என்பவை படிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று திருத்தி எழுதப்பட்ட எண்கள். பகலில் யாரும் கவனிக்காத இந்த இரண்டு நொடிதான் உங்கள் படங்களில் பாதியை விழுங்கியிருக்கிறது.

எப்படியென்று அறிய, ரிமோட்டின் உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் கம்பியில் அடிப்படையில் மூன்று இணைப்புகளே உண்டு: ஒன்று பொது இணைப்பு, ஒன்று ஃபோகஸுக்கு, ஒன்று ஷட்டருக்கு. ஃபோகஸ் இணைப்பு பொது இணைப்பைத் தொட்டால் பொத்தானைப் பாதி அழுத்தியதாகவும், ஷட்டர் இணைப்பும் தொட்டால் முழுதாக அழுத்தியதாகவும் கேமரா எடுத்துக்கொள்கிறது. அதாவது டைமர் ரிமோட் என்பது கடிகாரம் கட்டிய ஒரு விரல், அவ்வளவுதான். படம் பதிவாயிற்றா, கேமரா இன்னும் வேலையாக இருக்கிறதா என்ற செய்தி எதுவும் கேமராவிலிருந்து அதற்குத் திரும்பி வருவதில்லை. 31ஆம் நொடியில் அது அழுத்தியபோது உங்கள் கேமரா முதல் படத்தையே முடிக்கவில்லை என்பதால் அந்த அழுத்தம் வீணாயிற்று; அடுத்த அழுத்தம் 62ஆம் நொடியில்தான் வந்தது. ரிமோட் தன் கணக்கில் 116 முறை அழுத்திவிட்டது. கேமரா ஒன்றுவிட்டு ஒன்றாக 58 முறை மட்டுமே செவிசாய்த்தது.

இடைவெளியை 34 நொடியாக மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் தடம் இன்னும் சீராக வர வேண்டுமென்றால், கேமராவைத் தொடர்படப்பிடிப்பு முறையில் வைத்து, ஷட்டர் வேகத்தை 30 நொடியாகவே விட்டு, ரிமோட்டின் பொத்தானை அழுத்தி முன்னே தள்ளிப் பூட்டிவிடுங்கள். ஒரு படம் முடிந்ததும் கேமரா தானே அடுத்ததைத் தொடங்கும். விண்மீன் தடத்துக்கு நான் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான், இதற்கு டைமரே தேவையில்லை என்பது வேடிக்கையாக இருந்தாலும்.

ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும்போது படத்தில் விழும் பொட்டுகளைக் குறைக்கும் ‘இரைச்சல் குறைப்பு’ வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இயங்கினால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் ஷட்டரை மூடியபடி கேமரா ஓர் இருட்டுப் படத்தை எடுத்துக் கழிக்கும். அப்போது உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கே, ஏறத்தாழ 39 படங்களே, கிடைத்திருக்கும். சரிபாதி கிடைத்திருப்பதால் உங்கள் கேமராவில் அது அணைந்தே இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லையென்றாலும் திசையைப் பற்றி ஒரு சொல். கடலூர் நிலநடுக்கோட்டிலிருந்து 12 பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருப்பதால், துருவ விண்மீனும் வடக்கே ஏறத்தாழ 12 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டியை அடிவானத்தில் வைத்தால் அதற்குச் சற்று மேலே. வட்டத் தடங்கள் வேண்டுமென்றால் அத்திசையை நோக்கியே கேமராவை வைக்க வேண்டும், அங்கேயோ சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியின் விளக்கொளி வானத்தை வெளுக்க வைக்கிறது. கிழக்கே கடலை நோக்கினால் இருட்டு கூடுதல். ஆனால் நம் பகுதியில் விண்மீன்கள் அங்கே ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழுவதால், வட்டங்கள் அல்லாமல் சற்றே சாய்ந்த கோடுகளே கிடைக்கும். என் கண்ணுக்கு அவையும் அழகுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழை மேகம் எந்தத் திசையையும் விட்டுவைக்காது. ஜனவரிக்குப் பிறகு முயலுங்கள்.

கேள்வி: டைமர் ரிமோட் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்? என் நண்பர் கொடுத்த ரிமோட்டின் முனை என் கேமராவில் பொருந்தவில்லை.
— ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முனையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், மற்றவை பிறகு. கேனனின் 600டி, 700டி போன்ற சிறிய உடல்களில் 2.5 மி.மீ. வட்ட முனை, 5டி, 7டி வரிசைகளில் என்3 எனப்படும் மூன்று ஊசி முனை. நிக்கானில் டி5000, டி7000 வரிசைகளுக்கு ஒரு முனையும், டி800, டி850 போன்றவற்றுக்குப் பத்து ஊசி கொண்ட வட்ட முனையும் உண்டு. டி3500இல் கம்பி ரிமோட்டுக்கான துளையே கிடையாது. மைக் செருகும் துளை 3.5 மி.மீ. என்பதால் அதனோடு 2.5 மி.மீ. துளையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கேமராவையே கடைக்கு எடுத்துச் சென்று செருகிப் பார்ப்பது எல்லாவற்றிலும் மேல். கம்பியை மட்டும் மாற்றிக்கொள்ளத்தக்க ரிமோட்டாக வாங்கினால், பின்னாளில் வேறு கேமராவுக்கு மாறும்போது கம்பிக்கு மட்டும் செலவழித்தால் போதும்.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். சில ரிமோட்டுகள் இடைவெளியை ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம்வரை எண்ணுகின்றன. வேறு சில, ஒரு படம் முடிந்ததிலிருந்து எண்ணுகின்றன. பொத்தான் அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் முறையில் கேமராவை வைத்து, ரிமோட்டில் ‘லாங்’ (அழுத்திப் பிடிக்கும் நேரம்) என்பதை 5 நொடியாகவும் ‘இன்டர்வல்’ (இடைவெளி) என்பதை 10 நொடியாகவும் அமைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 10 நொடிக்கு ஒருமுறை ஷட்டர் திறந்தால் முதல் வகை. 15 நொடிக்கு ஒருமுறை என்றால் இரண்டாம் வகை.

கேள்வி: புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியற்காலை, பாறைகள்மேல் அலை மோதுவது புகைபோல் தெரியும்படி எடுக்க விரும்புகிறேன். பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் வைத்திருக்கிறேன். ரிமோட்டை அழுத்தினால் சில வேளை படம் எடுக்கிறது, சில வேளை எடுப்பதே இல்லை.
— ஒரு மாணவர், லாஸ்பேட்டை

பதில்: ஆட்டோ ஃபோகஸை அணைக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஃபில்டர் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவதால், அதன் வழியே கேமராவால் ஃபோகஸ் பிடிக்க முடியாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைகிறது. பிடிபடாதவரை ஷட்டரைத் திறக்க அது மறுக்கிறது. முதலில் ஃபில்டர் இல்லாமல் பாறையில் ஃபோகஸ் செய்து, லென்ஸின் பொத்தானை மேனுவலுக்கு மாற்றிவிட்டு, வளையத்தைத் தொடாமல் ஃபில்டரைப் பொருத்துங்கள்.

அடுத்தது நேரம். ஃபில்டர் இல்லாமல் நொடியில் 15இல் ஒரு பங்கு தேவைப்படும் ஒளியில், ஃபில்டருடன் ஏறத்தாழ 68 நொடி தேவைப்படும். கேமராவின் சொந்த அளவு பெரும்பாலும் 30 நொடியோடு நின்றுவிடுவதால், பல்ப் முறைக்கு மாறி அந்த 68 நொடியை ரிமோட்டில் ‘லாங்’ என்ற இடத்தில் குறிக்க வேண்டும். சூரியன் எழும் வேளையில் ஒளி கூடிக்கொண்டே போகும் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் சரியாக இருந்த நேரம் இப்போது படத்தை வெளுக்கச் செய்யும். எஸ்.எல்.ஆர். கேமராவாக இருந்தால் பின்புறம் கண் வைத்துப் பார்க்கும் துளையை மூடிவிடுங்கள். சாலை விளக்கின் ஒளி அவ்வழியே கசியக்கூடும்.

ரிமோட்டைக் கம்பியில் தொங்கவிடாமல், முக்காலியின் காலோடு ஒரு ரப்பர் பட்டையால் கட்டிவிடுங்கள். கடற்காற்றில் அது ஆடி முக்காலியில் இடிக்கும். 68 நொடிப் படத்தில் அலை குழைந்து தெரிவதுதான் அழகு, பாறை குழைந்தால் அல்ல. வீடு திரும்பியதும் முனையை உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புக் காற்று பட்ட உலோக முனை நாளடைவில் பச்சை பிடித்து, தொடர்பு விட்டுவிட்டு வரத் தொடங்கும்.

கேள்வி: கடலூர் முதுநகரில் மீன்பிடிப் படகுகள் கரை திரும்புவதைப் பத்து நொடி டைம்லாப்ஸ் காணொளியாக ஆக்க வேண்டும். எத்தனை படம், எவ்வளவு நேரம்?
— ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: நொடிக்கு 25 படம் என்ற கணக்கில் பத்து நொடிக்கு 250 படங்கள் வேண்டும். படகுகள் ஓரளவு விரைவாக நகர்வதால் இடைவெளியை 5 நொடிக்கு மேல் வைக்காதீர்கள். 5 நொடி என்றால் மொத்தம் 20 நிமிடம் 50 நொடி ஆகும். கேமரா மேனுவல் முறையில், ஒற்றைப் பட அமைப்பில் இருக்கட்டும். ரிமோட்டில் ‘லாங்’ 1 நொடி போதும். தொடர்படப்பிடிப்பில் விட்டால், அந்த ஒரு நொடிக்குள் நான்கைந்து படங்கள் ஓடிக் கார்டு நிரம்பிவிடும். உங்கள் கேமராவிலேயே இடைவெளிப் படப்பிடிப்பு வசதி இருந்தால் இந்த வேலைக்கு ரிமோட் தேவையில்லை. இருக்கிறதா என்று மெனுவில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.