எஸ்ஏடியா, ஏசிடியா, யூகேட்டா? பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவை

பதினான்கு வருடமாகச் சிங்கப்பூரில் ஜேசி (ஜூனியர் காலேஜ், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். நுழைவுத் தேர்வு பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எஸ்ஏடியும் ஏசிடியும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான தேர்வுகள், யூகேட் மருத்துவப் படிப்புக்கானது.

ஈசூனிலிருந்து ஒரு அம்மா: மகள் ஜேசி முதலாம் ஆண்டு. இங்குள்ள பல்கலைக்கழகங்களான என்யூஎஸ் அல்லது என்டியூ போதும் என்கிறாள். தோழிகள் எல்லாரும் எஸ்ஏடி வகுப்புக்குப் போகிறார்கள். நானும் சேர்த்துவிடவா?

வேண்டாம்மா. ஏ லெவல் (ஜேசி இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளைக்கு இங்கே எஸ்ஏடி தேவையில்லை. 2026 பல்கலைக்கழகச் சேர்க்கையிலிருந்து மொத்தமே 70 புள்ளிதான்: மூன்று எச்2 (முதன்மை) பாடத்துக்குத் தலா 20, ஜிபி என்ற பொதுத்தாளுக்கு (General Paper) 10. அந்த வகுப்புக்குக் கட்டப்போகும் பணத்தையும் சனிக்கிழமைக் காலையையும் ஜிபி கட்டுரைக்குக் கொடுங்கள். கணக்கில் புலியாக இருக்கும் பிள்ளைகள்கூட ஜிபியில் புள்ளியை விடுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை.

ஜேசி மாணவி, செங்காங்: அமெரிக்காவில் படிக்க ஆசை அக்கா. எஸ்ஏடியா, ஏசிடியா? இரண்டையும் எழுதிவிடலாமா?

ஒன்று எழுதினால் போதும், கண்ணு. பல்கலைக்கழகங்கள் இரண்டையும் சமமாகத்தான் பார்க்கின்றன. எது உனக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

எஸ்ஏடி இப்போது முழுக்கக் கணினியில். 2 மணி 14 நிமிடம், 98 கேள்வி, 1600க்கு மதிப்பெண். கணக்கில் 44 கேள்விக்கு 70 நிமிடம், அதாவது ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஏசிடியின் புதிய வடிவத்தில் 45 கணக்குக்கு 50 நிமிடம்தான். அங்கே யோசிக்க நேரம் கிடையாது, கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அறிவியல் பகுதி இப்போது விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

எஸ்ஏடியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு பாடமும் இரண்டு பகுதி. முதல் பகுதியை நன்றாகச் செய்தால்தான் இரண்டாவதில் கடினமான கேள்விகள் வரும், உச்ச மதிப்பெண்ணும் அங்கேதான். அதனால் முதல் பகுதியில் அவசரப்படக் கூடாது. என் மாணவன் ஒருவன் முதல் 22 கணக்கையும் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். திருத்தும்போது பார்த்தால், மூன்று இடத்தில் கழித்தல் குறியைக் கவனிக்கவில்லை. மீதி நேரத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் மூன்றுமே கிடைத்திருக்கும்.

இரண்டிலும் ஒரு முழு மாதிரித் தேர்வை வீட்டில் கடிகாரம் வைத்து எழுதிப் பார். எஸ்ஏடிக்கு புளூபுக் செயலியில் இலவசமாகவே இருக்கிறது. எதில் மூச்சு வாங்காமல் முடிக்கிறாயோ, அதையே பிடித்துக்கொள். பொதுவாக நம் ஜேசி பிள்ளைகளுக்கு எஸ்ஏடிதான் வசதி என்பது என் கருத்து.

ஜூரோங்கிலிருந்து ஒரு அப்பா: அமெரிக்காவில் இப்போது தேர்வே வேண்டாம் என்கிறார்களே?

ஓரளவுதான் சரி, அண்ணே. கொரோனா காலத்தில் பலர் தளர்த்தினார்கள். எம்ஐடி 2022லேயே திரும்பக் கேட்க ஆரம்பித்தது. ஹார்வர்டும் கால்டெக்கும் 2024இல் அதே முடிவை அறிவித்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ மதிப்பெண் அனுப்பினாலும் பார்ப்பதில்லை. மகன் விண்ணப்பிக்கும் பட்டியலை முதலில் எழுதுங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய்ப் பாருங்கள்.

ஒரு பெற்றோர்: நாங்கள் இந்தியக் குடிமக்கள், மகள் இங்கே சிபிஎஸ்இ பதினொன்றாம் வகுப்பு. டாக்டர் ஆக வேண்டும். எஸ்ஏடி உதவுமா?

இந்தியாவில் எம்பிபிஎஸ் என்றால் நீட் மட்டும்தான். என்ஆர்ஐ இடமானாலும் நீட் எழுதியாக வேண்டும். 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் பாதி உயிரியல். தவறான பதிலுக்கு ஒரு மதிப்பெண் போகும், எஸ்ஏடியில் அப்படிக் கிடையாது. ஆகவே இரண்டுக்கும் ஒரே பழக்கத்தோடு போக முடியாது.

பிரிட்டன், என்யூஎஸ், என்டியூ மருத்துவம் என்றால் யூகேட். முன்பிருந்த பிமேட் 2023ஓடு நின்றுவிட்டது. யூகேட்டை வருடத்துக்கு ஒருமுறைதான் எழுத முடியும், ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள். ஜேசி இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பிரிலிம் (ஏ லெவலுக்கு முந்தைய பள்ளித் தேர்வு) வருவதும் அந்த நேரம்தான். முடிந்தால் ஜூலையிலேயே தேதி வாங்கிவிடுங்கள்.

நீட், யூகேட் இரண்டும் வேண்டும் என்றால் பிள்ளை தாங்குவாளா என்று அவளிடமே கேளுங்கள். நாடு எது என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்த பிறகு புத்தகம் வாங்கலாம்.

பாலிடெக்னிக் மாணவர்: டிப்ளோமா முடிக்கப்போகிறேன். இங்கே டிகிரிக்கு எஸ்ஏடி?

தேவையில்லை தம்பி. உன் ஜிபிஏதான் (டிப்ளோமாவின் சராசரிப் புள்ளி) பேசும்.

தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவச் சேவை) போகப்போகும் மாணவர்: எஸ்ஏடியை இப்போதே எழுதவா, முடித்துவிட்டு எழுதவா?

இப்போதே எழுது. ஏ லெவல் கணக்கு இன்னும் கையில் சூடாக இருக்கிறது, முகாமிலிருந்து வார இறுதியில் வீடு வந்தால் தூக்கம்தான் வரும். அப்புறம் ஒரு சின்ன விஷயம். பதிவு செய்யும்போது பெயரைத் தேர்வு நாளில் காட்டப்போகும் அடையாள ஆவணத்தில் இருக்கிறபடியே போடு. நம் பெயர்களில் அப்பா பெயர் எங்கே வரும், நடுவில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்) இருக்கிறதா என்பதில் குழப்பம் வரும். பாஸ்போர்ட்டைக் காட்டுவதாக இருந்தால் அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தட்டு.