அழுகை விசுவாசக் குறைவா?

கேள்வி: என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து சில மாதங்கள் ஆகின்றன. ஆராதனையில் அவருக்குப் பிடித்த பாட்டு வந்தால் அடக்க முடியாமல் அழுதுவிடுகிறேன். எங்கள் சபை மூப்பர் ஒருவர், "உணர்ச்சி ஆத்துமாவுக்குரியது. ஆவிக்குரியவர்கள் அதை ஜெயிக்க வேண்டும். இன்னும் அழுவது விசுவாசக் குறைவு" என்கிறார். என் ஆத்துமாவில் ஏதோ கோளாறு என்று பயமாக இருக்கிறது. உண்மையா?

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் ஆத்துமாவில் கோளாறு எதுவும் இல்லை. மூப்பர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனாலும் அவர் சொன்னது தவறு. துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லப்பட்டதால், வெறும் கருத்து வேறுபாடு என்று இதை விட்டுவிட எனக்கு மனதில்லை.

இயேசுவுக்குச் சாட்சியாகக் கல்லெறியப்பட்டு ஸ்தேவான் மரித்தபோது நடந்ததைப் பாருங்கள். வானம் திறந்திருப்பதையும் இயேசு தேவனுடைய வலதுபாரிசத்தில் நிற்பதையும் கண்டுகொண்டே உயிரைவிட்டவர் அவர். எங்கே போனார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. அப்படியிருந்தும், "தேவபக்தியுள்ள மனுஷர் ஸ்தேவானை எடுத்து அடக்கம்பண்ணி, அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்" என்கிறது அப்போஸ்தலர் 8:2. அழுதவர்களைத்தான் வேதம் தேவபக்தியுள்ளவர்கள் என்கிறது. அவர்களுடைய விசுவாசத்தில் அது ஒரு குறையும் காணவில்லை.

அப்புறம் அந்த "ஆத்துமாவுக்குரியது" என்ற பேச்சு. ஆவி, ஆத்துமா, சரீரம் என்று மனிதனை மூன்று அறை கொண்ட வீடாகப் பிரித்து, உணர்ச்சியை நடு அறையில் பூட்டிவைக்கும் போதனை நம் சபைகள் பலவற்றில் உண்டு. 1 தெசலோனிக்கேயர் 5:23-ஐயும் எபிரெயர் 4:12-ஐயும் ஆதாரமாகக் காட்டுவார்கள். பவுல் தெசலோனிக்கேயர் வசனத்தில் மனிதன் முழுமையாகக் காக்கப்பட வேண்டும் என்று ஜெபிக்கிறார். எந்த அறையில் எது இருக்கிறது என்று வரைபடம் போடவில்லை. இருதயம், ஆத்துமா, மனது, பலம் என்று மாற்கு 12:30-ல் ஆண்டவர் நான்காகச் சொல்கிறார். அதை வைத்து மனிதனுக்கு நான்கு பாகம் என்று யாரும் உபதேசிப்பதில்லையே.

சரி, மூன்று பாகம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மூப்பரின் வாதம் நிற்காது. மரியாளின் பாட்டில் களிகூருவது அவளுடைய ஆவி (லூக்கா 1:47). கலாத்தியர் 5:22-ல் சந்தோஷம் ஆவியின் கனி. எபேசியர் 4:30 பரிசுத்த ஆவியானவரையே துக்கப்படுத்தாதிருங்கள் என்கிறது. தேவ ஆவியானவரே துக்கப்படுகிறார் என்றால், துக்கப்படாமல் இருப்பதுதான் ஆவிக்குரிய நிலை என்று எப்படிச் சொல்வது? உணர்ச்சியை வென்று அசையாமல் நிற்பதே உயர்ந்த நிலை என்று கற்பித்தவர்கள் ஸ்தோயிக்கர் என்ற கிரேக்கத் தத்துவவாதிகள். அத்தேனேயில் பவுலோடு வாதம்பண்ணியவர்களில் அவர்களும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டவர் இருக்கிறார். லாசருவின் கல்லறையை நோக்கிப் போகும்போது, இன்னும் சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப்போவது அவருக்குத் தெரியும். தெரிந்தும் "இயேசு கண்ணீர் விட்டார்." கெத்செமனேயில், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். இந்த வசனங்களை ஆதிச் சபை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவின் அப்போலினாரியு என்ற பேராயர், கிறிஸ்துவுக்கு நம்மைப்போன்ற மனித மனம் இல்லை, அதன் இடத்தில் தேவ வார்த்தையே இருந்தார் என்று போதித்தார். கிறிஸ்துவை உயர்த்துவதாகத்தான் அவர் நினைத்தார். 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் அதைத் தள்ளிவிட்டது. நம்மிடம் உள்ள எதைக் கிறிஸ்து ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகாமலே போகும் என்பது அன்றைய சபைத் தந்தையர் எடுத்துவைத்த வாதம். 451-ல் கல்கெதோன் சங்கமும் கிறிஸ்துவுக்கு மனித ஆத்துமாவும் சரீரமும் உண்டென்று அறிக்கையிட்டது. உங்கள் துக்கம் இருக்கிற அதே மனித ஆத்துமாவைத்தான், சகோதரி, ஆண்டவர் தமக்கென்று எடுத்துக்கொண்டார்.

"நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்று 1 தெசலோனிக்கேயர் 4:13 சொல்கிறதே என்று கேட்பார்கள். ஆமாம், சொல்கிறது. உயிர்த்தெழுதலை நம்பாதவர்களின் துக்கம் ஒன்று, நம்புகிறவர்களின் துக்கம் வேறு. துக்கமே கூடாது என்று பவுல் அங்கே எழுதவில்லை. "சந்தோஷமாயிருங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லும் பிலிப்பியர் நிருபத்திலேயே, தன் உடன் ஊழியனான எப்பாப்பிரோதீத்து மரித்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று அவர் ஒத்துக்கொள்கிறார் (2:27).

மூப்பரின் பேச்சில் ஒரு நியாயமும் உண்டு. இரட்சிப்பின் நிச்சயத்தை உணர்ச்சியின்மேல் கட்டக்கூடாது. இன்று தேவன் அருகில் இருப்பதுபோல் தோன்றவில்லை என்பதால் அவர் போய்விட்டார் என்று ஆகாது. இதைச் சொல்லியிருந்தால் அது ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ அழுகையையே குற்றமாக்கிவிட்டார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள். காரணம் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் கெடுத்தார்கள். துக்க வீட்டுக்குப் போகும் மூப்பர்களும் போதகர்களும் அதைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் 88-ஆம் சங்கீதத்தை எடுத்து ஜெபமாக வாசியுங்கள். பல புலம்பல் சங்கீதங்களைப்போல அது கடைசியில் துதிக்குத் திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் தேவன் தம் ஜனத்தின் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்.

ஒன்றைமட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். தூக்கமே இல்லாமல், சாப்பிடப் பிடிக்காமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாவு கேட்டபோது தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிடச் செய்தார். அவனோடு பேசியது அதற்கு அப்புறம்தான். மருந்து எடுத்துக்கொள்வது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அதையும் நம்பாதீர்கள்.