மூளையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மூளை வேலை செய்யும் விதத்தைக் கணக்காக எழுதிப் பார்க்கும் கணித மாதிரிகளைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டுவிட்டு, போகிற போக்கில் சொல்கிறீர்கள்: தம்பி மாத்திரையைத் தானாகவே பாதியாகக் குறைத்து மூன்று வாரமாகிறது; நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை; டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்கிறார். நான் பயப்படுவது இதற்குத்தான். தம்பிக்கு உள்ள மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) திரும்பும்போது பலருக்கு முதலில் தூக்கம்தான் கெடும். பிறகு சாதாரண விஷயமெல்லாம் தன்னைக் குறிவைப்பதாகத் தோன்றும். அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். இன்றே அவருடைய மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.

அதற்கு முன் தம்பியிடம் நேராகக் கேளுங்கள்: "குரல் கேட்குதா? உன்னை ஏதாவது செய்யச் சொல்லுதா?" கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறது என்றால், தனியாக விடாமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். டிவி விஷயத்தில் அவரோடு வாதாடாதீர்கள். "பயமா இருக்கா? நான் கூடவே இருக்கேன்" என்றால் போதும்.

தம்பி செய்து பார்த்ததாக நீங்கள் எழுதிய இணையச் சோதனைக்கு வருகிறேன். பத்து நிமிடம் போனில் விளையாடினால் 'டோபமைன் பிழை மதிப்பெண்' தருமாம் (டோபமைன் என்பது மூளையில் நரம்பணுக்கள் செய்தி அனுப்பும் ஒரு ரசாயனம்). மதிப்பெண் நன்றாக இருந்ததால் இவ்வளவு மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்தாராம். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஆய்வாளர்கள் போடும் கணக்கு, பல பேரைச் சேர்த்துப் பார்த்துக் கிடைக்கும் சராசரி. அதை வைத்து ஒருவருக்கு நோய் இருக்கிறதா, எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்தாலும் முடியாது.

உண்மையில் அந்தச் சோதனை பேர் சொல்லும் டோபமைன் ஆராய்ச்சிதான் மாத்திரை ஏன் வேண்டும் என்பதை விளக்குகிறது. குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அதன் டோபமைன் நரம்பணுக்கள் துடிக்கும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிவிட்டால், துடிப்பு விளக்குக்கு மாறிவிடும். விளக்கு எரிந்தும் சாறு வரவில்லையென்றால், வர வேண்டிய அந்த நொடியில் துடிப்பு அடங்கிவிடும். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மூளை கணக்கிடுகிறது என்று ஷுல்ட்ஸ், டயான், மான்டேக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1997-ல் எழுதினார்கள். மனச்சிதைவில் இந்தச் சமிக்ஞை காரணமே இல்லாமல் எழுகிறது, அதனால் அற்ப விஷயம்கூடப் பெரிய அர்த்தமுள்ளதாகப் படுகிறது என்று 2003-ல் மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் விளக்கினார். செய்தி வாசிப்பவர் சாதாரணமாகத் தலை நிமிர்ந்தது உங்கள் தம்பிக்கு அப்படித்தான் பட்டிருக்கும். மாத்திரை, நரம்பணுவில் டோபமைன் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளை மறித்து அந்த வீச்சைத் தணிக்கிறது. பாதியாகக் குறைத்தால் வீச்சு திரும்பலாம்.

"என் தம்பியின் மூளை பழுதான மெஷினா?" என்ற கேள்விதான் இரண்டு பக்கத்துக்கும் அடியில் இருக்கிறது. இல்லை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒளியையும் மெல்லிய ஒலியையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டிவிட்டு, பிறகு ஒளியை மட்டும் காட்டினார்கள். குரல் கேட்பவர்கள் இல்லாத ஒலியை அதிகம் கேட்டார்கள். நோயே இல்லாதவர்களும் சில நேரம் கேட்டார்கள். எதிர்பார்ப்பை வைத்துக் கேட்பது எல்லா மூளைக்கும் உள்ள வழக்கம். உங்கள் தம்பிக்கு அதன் எடை கூடியிருக்கிறது.

உங்கள் குழந்தைக்கு வருமா என்ற பயம் வேண்டாம். வாய்ப்பு பொதுவைவிடச் சற்றுக் கூடுதல்தான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. தம்பிக்கு இருப்பதாக நீங்கள் எழுதிய கை நடுக்கம் மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம், அதற்கு வழி உண்டு. அதனாலும் மாத்திரையைக் குறைத்தாரா என்று மருத்துவர் முன்னால் அவரையே கேளுங்கள்.

போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துப் போங்கள், எத்தனை மீதி என்று எண்ணி. விட்டுப்போன அளவை நீங்களாக ஈடுகட்ட வேண்டாம். அவர் சாப்பிடுவது குளோசபின் என்ற மருந்து என்றால் இன்னும் கவனம்: 48 மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால் பழைய அளவில் தொடங்கக் கூடாது, சிறு அளவிலிருந்து ஏற்ற வேண்டும்.