லண்டனில் மகள் சிக்ஸ்த் ஃபோம் போகிறாள், பெற்றோர் எப்படித் துணை நிற்பது?

கேள்வி: "எங்கள் மகள் செப்டம்பரில் இயர் 12 தொடங்குகிறாள். நானும் கணவரும் யாழ்ப்பாணத்தில் ஏஎல் படித்தவர்கள். இங்கத்தைய சிக்ஸ்த் ஃபோம் எங்களுக்குப் பிடிபடவில்லை. இந்த இரண்டு வருடமும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

இங்கே 16 வயதுக்குப் பிறகு படிக்கும் கடைசி இரண்டு பள்ளி வருடங்கள்தான், அதாவது இயர் 12 உம் 13 உம்தான், சிக்ஸ்த் ஃபோம். ஊரில் ஏஎல் (உயர்தரம்) போல, இங்கே முடிவில் ஏ லெவல் சோதனை. வடமேற்கு லண்டனில் ஒரு சிக்ஸ்த் ஃபோமில் 11 வருடமாக இரசாயனவியல் படிப்பிக்கிறேன். இருபது பிள்ளைகளின் படிப்பையும் நலனையும் கவனிக்கும் டியூட்டராகவும் இருக்கிறேன். என் மகனும் இதே இரண்டு வருடத்தைத் தாண்டி இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். அதனால் மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்து பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில், இயர் 12 இன் முதல் டெஸ்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அக்டோபர் லீவை ஒட்டி வரும். ஜிசிஎஸ்ஈயில் (இயர் 11 முடிவில் எழுதும் சோதனை, 9 தான் அதி கூடிய கிரேட்) 8, 9 எடுத்த பிள்ளை அதில் டி எடுத்துக்கொண்டு வரும். ஈ கூட வரும். ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் பாதிப் பேருக்கு இது நடக்கிறது. காரணம் சோம்பல் கிடையாது. என் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிசிஎஸ்ஈ வரைக்கும் இலத்திரன்கள் 2, 8, 8 என்று வட்டம் வட்டமாகச் சுற்றும் என்று படம் கீறிப் பாடமாக்கியிருப்பார்கள். இயர் 12 தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, அந்த ஓடுகளுக்குள்ளே எஸ், பி, டி என்று உப ஓடுகள் இருக்கின்றன, 3டி நிரம்ப முதலே 4எஸ் நிரம்பும் என்று நாங்கள் சொல்லத் தொடங்குவோம். இவ்வளவு நாளும் சரியென்று எழுதிப் புள்ளி வாங்கியது போதாமல் போய்விட்டது என்று பிள்ளைக்குத் தோன்றும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இது இன்னும் கூடுதலாக வலிக்கும், ஏனென்றால் அவர்களுக்குத் தோற்றுப் பழக்கமில்லை.

இதையெல்லாம் தெரிந்த நானே வீட்டில் பிழை விட்டேன். மகன் முதல் கணித டெஸ்டில் ஈ எடுத்துக்கொண்டு வந்த அன்று, "ஜிசிஎஸ்ஈயில 9 எடுத்த பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டேன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவன் ஒன்றும் பேசாமல் பேப்பரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். அதற்குப் பிறகு மார்ச் வரை ஒரு பேப்பரும் என் கண்ணில் படவில்லை. "இன்னும் தரேல்லை அம்மா" என்பான். நானும் பள்ளியில் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு, என் பிள்ளை ஐந்து மாதம் தனியாகப் பயந்துகொண்டு இருந்ததைக் காணாமல் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கும்.

அதனால் உங்கள் மகள் முதல் பேப்பரைக் கொண்டு வரும்போது கிரேடைக் கேட்காதீர்கள். எந்தக் கேள்வியில் புள்ளி போனது, அதைத் திரும்பச் செய்து பார்த்தாளா, ரீச்சரிடம் போய்க் கேட்டாளா என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குப் பாடம் விளங்கத் தேவையில்லை. பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி கேட்டாலே போதும். அடுத்த பேப்பரும் உங்கள் மேசைக்கு வரும்.

அடுத்தது, நீங்கள் ஊரில் ஏஎல் படித்தவர்கள் என்பதால் வருகிற ஒரு குழப்பம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒழுங்கு தலைகீழ். அங்கே சோதனை எழுதி, பெறுபேறு வந்து, இசட் ஸ்கோர் (பாடப் புள்ளிகளை ஒப்பிட்டுக் கணிக்கும் அனுமதிப் புள்ளி) பார்த்து, அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம். இங்கே சோதனை எழுத முதலே விண்ணப்பம் போய்விடும். பாட ஆசிரியர்கள் "இந்தப் பிள்ளை இன்ன கிரேட் எடுக்கும்" என்று எதிர்பார்ப்புக் கிரேட் போடுவார்கள். அதை வைத்துத்தான் பல்கலைக்கழகங்கள் இடம் தருவதா என்று பார்க்கும். அந்தக் கிரேடைப் பல பள்ளிகள் இயர் 12 முடிவில் நடக்கும் சோதனையை வைத்தே தீர்மானிக்கின்றன. "இயர் 13 இல் பிடித்துவிடலாம்" என்று இருந்த எத்தனையோ பெற்றோர் செப்டம்பரில் என் முன்னால் வந்து இருந்து, பி ஐ ஏ ஆக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நான் மனமுவந்து மாற்றினாலும் அது பிள்ளைக்கு நல்லது செய்யாது. பெறுபேறு வரும் ஓகஸ்டில் அந்த ஏ இல்லாமல் நிற்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

மருத்துவம் என்றால் இன்னும் முந்தும். மருத்துவ அனுமதிக்கான யூகேட் சோதனை ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில், ஒரு வருடத்தில் ஒரு தடவைதான் எழுதலாம். மருத்துவம், பல் மருத்துவம், ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்பங்களை ஏற்கும் பொது அமைப்பு) விண்ணப்பம் இயர் 13 அக்டோபர் 15 க்கு முன் போக வேண்டும். மற்ற அநேகமான படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு. மொத்தம் ஐந்து தெரிவுகள், அதில் மருத்துவத்துக்கு நான்குதான். ஒரே வருடத்தில் ஒக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க முடியாது. தன்னைப் பற்றி எழுதும் பகுதி 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாக மாறிவிட்டது. அதை அவளே எழுதட்டும். காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கிறவர்களிடம் போகாதீர்கள், நேர்முகத்தில் அது தெரிந்துவிடும்.

பாடத் தெரிவில் நம் ஆட்களிடம் நான் சண்டை பிடிக்காத வருடம் இல்லை. "எதற்கும் பயோவும் கெமிஸ்ட்ரியும் இருக்கட்டும்" என்பார்கள். மருத்துவம் செய்ய உண்மையிலேயே விருப்பமுள்ள பிள்ளைக்கு அது சரி. விருப்பமில்லாத பிள்ளைக்கு மூன்று பாடத்தில் இரண்டை அப்படிக் கொடுத்தால், அது இரண்டு வருடமும் ஒற்றைக் காலில் நடப்பது போல. சட்டம் படிக்கத் தனியாக ஒரு பாடமும் கட்டாயமில்லை. பொருளியலுக்குப் பல நல்ல பல்கலைக்கழகங்கள் கணிதம்தான் கேட்கும். மகள் பிழையான பாடம் எடுத்துவிட்டாள் என்று தெரிந்தால் முதல் சில வாரங்களுக்குள் மாற்றப் பெரும்பாலான இடங்களில் விடுவார்கள், அதற்குப் பிறகு கஷ்டம். பொறியியலோ கணினியோ விருப்பம் என்றால் டிகிரி அப்ரண்டிஷிப் பற்றியும் பாருங்கள். சம்பளத்தோடு பட்டம் கிடைக்கும், கட்டணமும் பிள்ளை கட்டத் தேவையில்லை. "வேலைக்குத்தானே அனுப்புகிறீர்கள்" என்று கோயிலில் யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

வீட்டில் பார்த்தால் பிள்ளைக்கு வகுப்பே இல்லாதது போல இருக்கும். மூன்று பாடம்தான், இடையிடையே ஃப்ரீ பீரியட். அது படிப்பதற்கான நேரம் என்று அவளுக்கும் விளங்கச் சில மாதம் எடுக்கும். அதைக் கண்டு பயந்து வாரத்துக்கு நான்கு ரியூஷன் போட வேண்டாம். சனிக்கிழமை காலை முதல் இரவு வரை ரியூஷனில் இருந்துவிட்டுத் திங்கள் வகுப்பில் கண் மூடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தேவையான ஒரு பாடத்துக்கு மட்டும் போதும். கடை வைத்திருக்கிறீர்கள் என்றால், சனி ஞாயிறு இரண்டு நாளும் அவளைக் கல்லாவில் இருத்தாதீர்கள். ஒரு நாள் உதவட்டும், இயர் 13 ஈஸ்டரோடு அதுவும் நிற்கட்டும்.

பெற்றோர் ஆசிரியர்களைச் சந்திக்கும் பேரன்ட்ஸ் ஈவினிங் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எனக்கு மிகவும் மனதைத் தொட்ட விஷயம். ஆங்கிலம் வசதியில்லாத பெற்றோருக்குப் பிள்ளையே மொழிபெயர்க்கும். நான் "கவலையாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்வேன். பிள்ளை தமிழில் "பரவாயில்லையாம்" என்று சொல்லும். எனக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்ததும் அந்த முகத்தில் வருகிற பயத்தைப் பார்க்க முடியாது. அதில் பிள்ளையில் பிழை இல்லை, அந்த வேலையை நாங்கள் அதற்குக் கொடுத்திருக்கக் கூடாது. பள்ளியிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அல்லது ஒரு சித்தியையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். இடையில் சந்தேகம் வந்தால் டியூட்டருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். நீங்கள் தொந்தரவு தருவதாக நாங்கள் நினைப்பதே இல்லை.

பிள்ளை சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், பேச்சுக் குறைந்து போனால் சோதனை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளியில் சொல்லுங்கள், ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) போங்கள். உங்களிடம் சொல்ல முடியாதது ஏதும் இருந்தால், பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்ட்லைன் 0800 1111 இலவசம், 19 வயது வரை பேசலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

காசு விஷயம் சுருக்கமாக. 16 வயதுக்குப் பிறகும் படிக்கிறாள் என்று எச்எம்ஆர்சிக்கு (வரித் திணைக்களம்) அறிவித்தால்தான் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்கான அரச கொடுப்பனவு) தொடரும். 16 பிளஸ் ஸிப் ஒய்ஸ்டர் பயண அட்டை எடுத்தால் பஸ் இலவசம். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் பள்ளியிடம் பேர்சரி (உதவித்தொகை) கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பல்கலைக்கழகக் கட்டணத்துக்காகச் சீட்டு எடுக்கவோ வீட்டை அடகு வைக்கவோ அவசரப்பட வேண்டாம். 2023 இலிருந்து தொடங்கிய அரசின் மாணவர் கடன் திட்டத்தில், வருடம் 25,000 பவுணுக்கு மேல் உழைக்கிற தொகையில் 9 வீதம்தான் பிடிப்பார்கள், 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. ஆனால் விசா நிலை முடிவாகாத குடும்பம் என்றால் இயர் 12 இலேயே பள்ளியிடம் சொல்லி விசாரியுங்கள். கட்டணமும் கடனும் அதில்தான் தங்கியிருக்கின்றன. இடம் கிடைத்த பிறகு இது தெரிந்து உடைந்துபோன ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, இயர் 13 ஓகஸ்ட். நல்லூர்த் திருவிழா அநேகமாக அதே நாட்களில்தான் வரும், ஊருக்குப் போக மனம் இழுக்கும். அந்த ஒரு வருடம் டிக்கெட் போடாதீர்கள். ஏ லெவல் பெறுபேறு ஓகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை காலையில் வரும். முதல் தெரிவு போனால் இரண்டாவதாக வைத்தது இருக்கும், அதனால் அந்த இரண்டாவதைக் கிரேட் குறைவாகக் கேட்கிற இடமாக வைக்கச் சொல்லுங்கள். அதுவும் போனால் கிளியரிங், அதாவது நிரம்பாமல் இருக்கிற இடங்களுக்கு முயல்வது. அப்போது பல்கலைக்கழகங்களுக்கு அவளேதான் ஃபோன் பண்ணிப் பேச வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, சார்ஜ் போட்ட ஃபோனும் காலைச் சாப்பாடும் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பது. சொந்தக்காரரின் அழைப்புகளை மத்தியானம் வரை எடுக்காதீர்கள். என் மகனுக்கு முதல் தெரிவு கிடைக்கவில்லை. அன்று நான் ஒன்றும் கேட்காமல் அவனுக்குப் பிடித்த ரொட்டியும் சம்பலும் செய்து வைத்தேன். அரை மணித்தியாலத்தில் அவனே பெறுபேற்றைத் திறந்து, ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

மகள் என்ன பாடங்கள் எடுக்கிறாள் என்று கீழே எழுதுங்கள், இரசாயனவியல் இருந்தால் கோடை லீவில் எதைப் பார்த்து வைக்கலாம் என்று சொல்கிறேன்.